படிக்கட்டுக்குக் கீழே காலி இடம்

கண்ணாடி அக்கா என்றால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் சரிபண்ணுகிற வேலை அவளுக்கு. கண்ணாடியோடு படுத்துத் தூங்கிவிட்டு, காதுக்கம்பியைக் கொக்கியாக வளைத்துக்கொண்டு யாராவது காலையில் வந்து நிற்பார்கள். சூடான காற்று வரும் சின்னப் பெட்டிமுன் கம்பியைக் காட்டி, இளகியதும் கட்டைவிரலால் அழுத்தி நிமிர்த்தி, அவர்கள் மூக்கிலேயே மாட்டிவிட்டு, "இப்ப தலைய ஆட்டுங்க" என்பாள். ஆட்டியும் விழவில்லை என்றால் வேலை முடிந்தது. கொஞ்சம் சூடு காட்டினால் உலகத்தில் எதையும் வளைத்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சொந்த வீட்டு விஷயத்தில்தான் அது பலிக்கவில்லை.

மதியம் முதலாளி சாப்பிட உட்கார்ந்ததும் அவள் வீட்டுக்கு ஓடுவாள். ஓட்டமும் நடையுமாகப் போனால் வீட்டு வாசலில் யாராவது வெளியூர்க்காரர்கள் கேமராவோடு நின்றுகொண்டிருப்பார்கள். பார்க்கத் தகுந்த வீடுதான். ஒல்லியாக, உயரமாக, மாடியில் மரவேலை செய்த ஜன்னலோடு, பக்கத்து வீட்டுத் தோள்மேல் லேசாகச் சாய்ந்த மாதிரி இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் அரசாங்கம் வைத்த பலகை ஒன்று: பாதுகாக்கப்பட்ட கட்டடம், முதல் தரம். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, நீங்களும் படத்துல விழுறீங்க" என்று அவளிடமே சொல்வார்கள். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நிற்பாள். அவர்கள் எடுத்து முடித்த பிறகுதான் தன் வீட்டுக்குள் போவாள்.

உள்ளே ஒரு கூடம், கூடத்துக்குப் பின்னால் சமையலறை. கூடத்தின் மூலையிலிருந்து மரப் படிக்கட்டு ஒன்று கிளம்பி, நடுவில் ஒரு திருப்பு திருப்பிக்கொண்டு மாடிக்குப் போகிறது. மாடியில் படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறையும் கழிப்பறையும். அங்கேதான் அவள் கணவர் இருந்தார்.

அவர் பஸ் டிரைவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்து இடது கையையும் இடது காலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரைக் கான்வாஸ் துணியில் கட்டி, படிக்கட்டின் திருப்பத்தில் மூட்டை மாதிரி மடக்கி மேலே ஏற்றினார்கள். இன்னொரு தடவை என்னை அப்படிக் கட்டினால் உயிரை விட்டுவிடுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கீழே இறங்கவில்லை. நகரத்தின் ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடமான மனுஷன், இப்போது கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒரே ரூட்டில் ஓடிக்கொண்டிருந்தார். "கூட்டமே இல்லாத டிரிப்பு" என்பார் கேட்பவர்களிடம்.

கழிப்பறை கீழே இருந்தால் அவரும் கீழேயே இருக்கலாம். கூடத்தில் கட்டிலைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தால் தெருவே அவரைப் பார்த்துக்கொள்ளும். கேட்டால் இவ்வளவு சின்ன விஷயம். ஒரு காலத்தில் கீழேயும் ஒரு கழிப்பறை இருந்தது. அதை இடித்தது அவர்தான். அள்ளிக் கொட்டியது அவள்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பில்டர் தெருவின் பின்பக்கத்து மனைகளை எல்லாம் வளைத்துப் போட்டிருந்தார். தெருவும் கைக்கு வந்தால்தான் அவர் நினைத்த வணிக வளாகம் எழும்பும். வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். நிற்பதற்கு அந்தத் தெருவும் இருக்காது. எதிர் வரிசையில் பேக்கரி வைத்திருந்தவரும் வாடகைக்காரர்தான். பழைய கட்டடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் எந்தக் கொம்பனும் இடிக்க முடியாது என்ற செய்தியை எங்கேயோ கேட்டு வந்து சொன்னவர் அவர். அதற்கப்புறம் மனு, கூட்டம், ஊர்வலம். டிரைவரும் கண்ணாடி அக்காவும் எல்லாவற்றிலும் முன்வரிசை. அவர்களுக்கு வீடு சொந்தம், விற்றால் லாபம். இருந்தாலும் நின்றார்கள்.

கடைசியில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் துறையிலிருந்து பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பழசு பழையபடி இருந்தால் மதிப்பு ஏறும், நடுவில் ஒட்டுப்போட்டிருந்தால் இறங்கும் என்று தெரு முழுக்க ஒரே பேச்சு. ஒருவர் தகரக் கூரையைப் பிரித்தார், ஒருவர் விளம்பரப் பலகையைக் கழற்றினார். இவர்கள் வீட்டில் இருந்த ஒரே ஒட்டு, படிக்கட்டுக்குக் கீழே டிரைவரின் அப்பா முட்டிவலிக் காலத்தில் சிமெண்டுக் கல்லால் கட்டிய கழிப்பறை. தகரக் கதவு, பச்சைப் பெயிண்டு. பார்த்தால் வீட்டு உடம்பில் ஒரு கட்டி முளைத்த மாதிரி இருக்கும். டிரைவர் சம்மட்டியை இரவல் வாங்கி ஒரே நாளில் நொறுக்கினார். அவள் வாளி வாளியாகக் கொண்டுபோய்ச் சந்தில் கொட்டினாள். குழியை மூடி, பழைய தரைக்கல்லைத் தேடிப் பிடித்துப் பதித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

வந்த அதிகாரிகளில் மூத்தவர் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, இந்தக் காலத்திலும் ஒரு குடும்பம் இந்த இடத்தை இப்படிக் காலியாக விட்டு வைத்திருக்கிறதே என்று உருகிப் போனாராம். வீட்டுக்கு முதல் தரம் கிடைத்தது. வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஒரு ஆணி அடிக்கக் கூடாது. மற்ற வீடுகளுக்கு மூன்றாம் தரம்கூடத் தேறவில்லை. இந்த ஒரு வீட்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு, தெருவையே பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள். பில்டர் மூட்டை கட்டிக்கொண்டு போனார். பேக்கரிக்காரர் தெருவுக்கே கேக் கொடுத்தார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது பக்கவாதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் அவள் ஒரு கழிப்பறை நாற்காலி வாங்கிக் கூடத்தில் வைக்கலாம் என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தெருக்கதவைத் திறந்தால் நேரே கூடம். "வாசல்ல போட்டோ எடுக்கிறவனுக்கு நானும் சேந்து போஸ் குடுக்கவா?" என்று கேட்டார். திரை கட்டலாம் என்றாள். திரைக்குப் பின்னால் யார் என்று தெரியாமலா இருக்கும் என்றார். விற்றுவிட்டு வேறெங்காவது போகலாமா என்று ஒரு தரகரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பலகையைப் படித்துவிட்டு, இந்த வீட்டை வாங்குகிறவன் மாமனார் படத்தைக்கூட ஆணி அடித்து மாட்ட முடியாதே என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகுதான் துறைக்கு விண்ணப்பித்தாள். இந்தத் தடவை வந்த அதிகாரி, வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கள் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். செருப்பை வாசலில் விட்டு வந்தாள், கொடுத்த டீயைக் குடித்தாள், மாடிக்குப் போய் டிரைவரை விசாரித்தாள். நல்ல பெண். அதனால், முடியாது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தபோது கண்ணாடி அக்காவுக்குச் சண்டை போடவும் மனசு வரவில்லை.

"பிரிச்சு எடுக்கிற மாதிரி எது வேணும்னாலும் வைக்கலாம்மா. தரையைத் தோண்டக் கூடாது, சுவர்ல கை வைக்கக் கூடாது, பைப்பு போடக் கூடாது."

"பைப்பு இல்லாம கக்கூஸா மேடம்?"

அதிகாரி டார்ச்சை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போய்க் குனிந்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. சுவர் ஓரமாக ஒரு குழாய் போன தடம் இருக்கிறதே, முன்னால் இங்கே ஏதாவது இருந்ததா என்று கேட்டாள். கண்ணாடி அக்கா வாயைத் திறப்பதற்குள் அவளே கையைக் காட்டி நிறுத்தி, நிலைமையை விளக்கினாள். ஏற்கெனவே கழிப்பறை இருந்த இடம் என்றால் திரும்பக் கட்ட அனுமதி உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் சொன்னால் போதும், தடத்தையும் சேர்த்து அவள் பதிவு செய்துவிடுவாள். ஆனால் துறை பார்வையிட வருவதற்கு முன்னால் இடித்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அப்படியானால் முதல் தரம் கொடுத்தது சரியா என்று மறுபடி பார்ப்பார்கள்.

"தரம் இறங்கினா?"

"உங்க வீட்டுக்கு நல்லதுதான்மா. தெருவைப் பத்தி என்னால சொல்ல முடியாது. யோசிச்சு வைங்க, அடுத்த தடவை வந்து ஐயாகிட்டயே கேட்டுக்கிறேன்."

வீடு டிரைவர் பேரில் இருந்தது. அன்று மதியமே அவள் மாடியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவசரம் அவளுக்கு. மகள் வேறு ஊரில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். முதல் பிரசவம். அம்மா ஒரு மாதமாவது வந்து கூட இருக்க வேண்டும் என்று தினமும் போன். அப்பாவை அங்கே கூட்டிப் போகலாம் என்றால், அவள் குடியிருப்பதும் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. மாடிப்படிக்கும் நமக்கும் என்ன பகையோ என்று அம்மாவும் மகளும் போனிலேயே சிரித்துக்கொண்டார்கள். அவர் மேலே இருக்கிற வரைக்கும் இவளால் ஒரு நாள் நகர முடியாது. ஒரு வேளை சாப்பாடு கொடுக்க யாரும் ஏறுவார்கள். விடிந்ததிலிருந்து படுக்கிற வரை, போன் அடித்ததும் கடையிலிருந்து அவள் ஓடி வருவது மாதிரி, கை கொடுத்துக் கழிப்பறைக்கு நடத்திப் போக யார் ஏறுவார்கள்?

"இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

அவர் ஜன்னலைப் பார்த்தபடி, சரி என்றார்.

தெருவில் ரகசியம் எங்கே தங்கும்? இரண்டு நாளில் பேக்கரிக்காரர் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து மாடி ஏறினார். சமையலறையில் இருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ரொம்ப நேரம் கிரிக்கெட்டைப் பேசினார்கள். அப்புறம் பேக்கரிக்காரர் தன் அடுப்பைப் பற்றி ஆரம்பித்தார். தரையோடு சேர்த்துக் கட்டின அடுப்பு, தூக்கிக்கொண்டு வேறு இடம் போக முடியாது, மகன் இப்போதுதான் மாவில் கை வைக்கப் பழகுகிறான். பில்டரின் ஆட்கள் போன மாதம்கூடத் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

"அண்ணே, நீங்க சொல்லாதீங்கன்னு கேக்க நான் வரல."

"தெரியும்டா" என்றார் டிரைவர்.

கீழே இறங்கும்போது பேக்கரிக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். அக்கா என்று கூப்பிடாமல் அவர் அந்த வீட்டு வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி வந்தபோது அவள் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். மூவரும் மாடியில். அதிகாரி கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, நேராகவே கேட்டாள்: படிக்கட்டுக்குக் கீழே முன்னால் கழிப்பறை இருந்ததா ஐயா?

"இல்லம்மா. எங்கப்பா காலத்துலேருந்தே மேலதான்."

"அந்த பைப்புத் தடம்?"

"மழைத்தண்ணி பைப்பா இருக்கும்."

அதிகாரி திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கதவு திறந்திருந்தது. "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

கண்ணாடி அக்காவுக்கு உண்மை வாய்வரை வந்தது. 'இருந்தது' என்று இவள் சொன்னால் அவர் பொய்யர் ஆவார்; நாளை முதல் தெரு அவளை எப்படிப் பார்க்கும் என்பது வேறு. 'இல்லை' என்று சொன்னால் மகளுக்குப் பக்கத்தில் யார்? இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லவில்லை. எறும்புக்காவது குச்சியிலிருந்து குதிக்க வழி உண்டு.

"அவரு சொன்னா சரிதான்" என்றாள்.

அதிகாரி எழுந்து, டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இறங்கிப் போனாள். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"சரின்னுதான சொன்னீங்க" என்றாள் அவள்.

"சரின்னேன். சொல்லிட்டு அப்புறம் அந்த ஜன்னல்ல உட்காந்து யார் மூஞ்சியப் பாக்கிறது?"

"என் மூஞ்சியப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை.

"புண்ணியம் உங்களுக்கு. படி ஏறுற பாடு எனக்கா?"

அவர் நல்ல கையால் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தெருவையே தூக்கி நிறுத்திய மனுஷன், அவள் கை கொடுக்காமல் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார். திட்டுவதற்குக்கூட வசதியில்லாத ஆள் அவர். பாதித் திட்டில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பார், அவள் போய்த் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அவள் நேரே பேக்கரிக்குப் போனாள். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார்.

"அவரு உங்களுக்காகப் பொய் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆள் கூட்டிட்டு வாங்க. அவரைக் கீழ இறக்கணும். அப்புறம் தினமும் இறக்கணும், தினமும் ஏத்தணும். நான் ஊருக்குப் போனா ஒரு மாசம் நீங்கதான் பாத்துக்கணும்."

பேக்கரிக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். அவசர அவசரமாகப் பன் பொட்டலம் கட்டினார். அவள் அதை வாங்காமல் வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேக்கரிக்காரர், அவர் மகன், பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், அவர் மச்சினன் என்று வந்து சேர்ந்தார்கள். துணியில் கட்டக் கூடாது என்று டிரைவர் முதலிலேயே சொல்லிவிட்டதால், கை வைத்த நாற்காலி ஒன்றும் வந்தது. அவரை அதில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். அவர் சட்டை மாற்றி, தலை வாரி, முன்சீட்டுக்காரர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு இறங்கினார். திருப்பம் வரை ஒன்றுமில்லை. திருப்பத்தில் நாற்காலியின் கால் கைப்பிடிக் கட்டையின் மரக் கம்பிகளுக்கு நடுவே போய் மாட்டியது. எலக்ட்ரீஷியனின் தோள் சுவரில் ஒட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

"ரிவர்ஸ் எடுங்கடா" என்றார் டிரைவர், சாய்ந்த வாக்கில்.

"எடுத்தா கம்பி போயிடும்ண்ணே" என்றார் எலக்ட்ரீஷியன். "கம்பி போனா கேஸாயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் அவரை மட்டும் அக்குளில் பிடித்துத் தூக்கித் திருப்பத்துப் படியில் உட்கார வைத்தார்கள். நாற்காலி மாட்டிய இடத்திலேயே நின்றது.

அங்கிருந்து கூடம் தெரிந்தது. அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்த மூலைச் சுவர் ஏன் இப்படி ஊறிக் கிடக்கிறது, பல்பை யார் மாற்றியது, என் குடையை ஏன் வெளியே மாட்டியிருக்கிறாய் என்று வரிசையாகக் குற்றம் கண்டுபிடித்தார். அவளுக்கு அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆன மாதிரி இருந்தது. தூக்க வந்தவர்களும் ஆளுக்கு ஒரு படியில் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் எல்லாருக்கும் டீ போட்டு, நாற்காலிக் கால்களுக்கு இடையே கையை விட்டுக் கொடுத்தாள். பிரேக் பிடிக்காத பஸ்ஸை மேட்டில் ஏற்றி நிறுத்திய கதையை அவர் ஆரம்பித்தார். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் கேட்டார்கள். உட்கார்ந்தபடியே மிச்சப் படிகளை நகர்ந்து நகர்ந்து இறங்கிவிடலாமே என்று பேக்கரிக்காரர் மகன் யோசனை சொன்னான். அவர் ஒரு படி நகர்ந்துகூடப் பார்த்தார். முடிந்தது. அவள் கீழே கட்டிலுக்கு இடம் பார்த்து, மனசுக்குள் மேசையை நகர்த்திப் போட்டுவிட்டாள்.

இரண்டாவது படிக்கு முன்னால் அவர் பேச்சை நிறுத்தினார். அந்த நிறுத்தம் அவளுக்குத் தெரியும்.

"மேல போகணும்" என்றார்.

"இன்னும் கொஞ்சம்தாண்ணே, வந்தாச்சு."

"மேல போகணும்டா."

மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. டீயைக் கொடுத்தது அவள்தானே. "தூக்குங்க, சீக்கிரம்" என்றாள். கீழே வந்த வேகத்தைவிட மேலே போனது வேகம். அக்குளில் இருவர், காலில் ஒருவர், பின்னாலிருந்து அவள். அறை வாசல்படியில் அவர் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. நல்லவேளை, தாக்குப் பிடித்தார். கதவை ஒருக்களித்துவிட்டு அவள் வெளியே நின்றாள். உள்ளேயிருந்து வந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வந்த ஆண்கள் படிக்கட்டில் நின்று, அதன் மரவேலையை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் அக்கா என்றார் பேக்கரிக்காரர். தினமும் என்றல்லவா பேச்சு என்றாள் அவள். காலையில் அடுப்பு இருக்கிறது என்றார் அவர். எலக்ட்ரீஷியனுக்குச் சாயங்காலம்தான் வேலை வரும். மச்சினன் இந்த ஊரே இல்லை. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கெட்ட முகம் ஒன்றும் இல்லை. சரி, போயிட்டு வாங்க என்றாள். இறங்கும் வழியில் ஒவ்வொருவரும் நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, கம்பிக்குப் பயந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று ராத்திரி அவருக்குத் தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மகள். டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று கேட்டாள். கண்ணாடி அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் மாமியாரை வரச் சொல்லு என்றாள்.  அந்தப் பக்கம் அழுகை. அவள் அழுகை முடிகிற வரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை. மாமியார் சமையல் காரமாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லு, வெட்கப்படாதே என்றாள். பிறந்ததும் எனக்குத்தான் முதலில் போன் பண்ண வேண்டும் என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், கண்ணாடியோடு படுக்காதே, கம்பி வளைந்துவிடும் என்றும் சொன்னாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு தட்டை எடுத்தாள். திருப்பத்தில் நாற்காலி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் உடம்பைச் சுருக்கி நுழைந்து மேலே போனாள்.

"யாரு போன்ல?" என்றார் அவர்.

"ராங் நம்பர்."

"இவ்வளவு நேரமா?"

"சாப்பாடு ஆறுது" என்றாள் அவள்.